ரெண்டு வருஷம் ஷெட்ல கிடந்த போட், 15 ஹெச்.பி மோட்டார்: வாங்கலாமா?

ஏரிக்கரையான்:

வணக்கம் எல்லாருக்கும். இதுவரைக்கும் கரையில நின்னுதான் தூண்டில் போட்டுக்கிட்டு இருந்தேன், எப்பவாவது கூட்டாளி போட்ல ஏறிப் போறதோட சரி. இப்ப சொந்தமா ஒண்ணு வாங்கலாம்னு முடிவு பண்ணி ஒரு போட்டைப் பாத்து வச்சிருக்கேன். 14 அடி அலுமினிய போட், ரிவெட் அடிச்சது, கூடவே போட்டுக்குப் பின்பக்கம் மாட்டுற 15 ஹெச்.பி டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார், ரெண்டு சிலிண்டர், ட்ரெய்லரும் சேர்த்து மொத்தமா ஒரு ரேட்டு சொல்றாரு. பெயின்ட் எல்லாம் பளபளன்னு இருக்கு. ஆனா ரெண்டு வருஷமா தண்ணியில இறக்கல, ஷெட்ல தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருந்தாராம். "போன மாசம்கூட ஸ்டார்ட் பண்ணேன், ஒரே இழுப்புல பிடிச்சிருச்சு"ன்னு சொல்றாரு.

எனக்கு பயம் வந்ததுக்குக் காரணம் எங்க வீட்டு ஜெனரேட்டர். ஒரு வருஷம் மூலையில கிடந்துச்சு, போன வாரம் ராத்திரி கரன்ட் போனப்ப இழுக்குறேன் இழுக்குறேன், தோள்பட்டை விட்டுப் போச்சு, உயிரே வரல, ஃப்ரீசர்ல வச்சிருந்தது எல்லாம் வீணாப் போச்சு. ஒரு வருஷம் கிடந்த ஜெனரேட்டருக்கே இந்த கதின்னா ரெண்டு வருஷம் கிடந்த போட் மோட்டார் எப்படி இருக்கும்னு தோணுது.

காசு குடுக்குறதுக்கு முன்னாடி மோட்டார்லயும் போட்லயும் என்னென்ன பாக்கணும்? இல்ல இதை விட்டுட்டு புதுசா ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கிடலாமா? அப்புறம் முன்பக்கம் 55 பவுண்டு தள்ளுவிசை இருக்குற ட்ரோலிங் மோட்டார், அதான் மெதுவா போறதுக்கு பேட்டரியில ஓடுற சின்ன மோட்டார், ஒண்ணு மாட்டணும்னு ஆசை, அதுக்கு வாங்குற பேட்டரியவே வீட்டு இன்வெர்ட்டருக்கும் மாத்தி மாத்தி போட்டுக்க முடியுமான்னும் சொல்லுங்க. ஜெனரேட்டருக்கும் வழி தெரிஞ்சா நல்லது.


பழைய துடுப்பு:

தம்பி, பெயின்ட்டை விடுங்க, அதுல ஒண்ணும் தெரியாது. போனவுடனே முதல் வேலை, மோட்டார் மேல் மூடியைக் கழட்டி என்ஜின் மேல கை வைங்க. சூடா இருந்தா அப்படியே திரும்பி வந்துட்டு இன்னொரு நாள் வர்றேன்னு சொல்லுங்க, ஏன்னா ஏற்கனவே சூடாக்கி வச்ச மோட்டார் யார் இழுத்தாலும் பிடிக்கும். ஜில்லுனு கிடக்குறப்ப உங்க கையால இழுத்து அது எப்படி எந்திரிக்குதுன்னு பாத்தாத்தான் அதோட உடம்பு தெரியும்.

அடுத்தது கியர் ஆயில். நான் பழைய மோட்டார் பாக்கப் போனா இதைத்தான் பெருசா நம்புவேன். அடிப்பகுதியில ப்ரொப்பெல்லருக்கு முன்னாடி பக்கவாட்டுல கீழ ஒரு ஸ்க்ரூ, மேல ஒரு ஸ்க்ரூ இருக்கும். கீழ இருக்குறதை லேசா தளர்த்தி ஒரு நாலு சொட்டு வெள்ளை டப்பாவுல பிடிச்சுப் பாருங்க. கருப்பா தேன் மாதிரி வந்தா கவலை இல்ல. பால் ஊத்துன மாதிரி வெளுப்பா வந்தாலோ, முதல்ல தண்ணியும் பின்னாடி ஆயிலுமா வந்தாலோ, உள்ள தண்ணி போயிருக்கு, தண்ணி வராம தடுக்குற ரப்பர் வளையம், அதான் சீல், ஏதோ ஒண்ணு போயிடுச்சு. அந்த ஸ்க்ரூ நுனியில காந்தம் இருந்தா அதையும் விரல்ல தடவிப் பாருங்க. மை மாதிரி நைஸா ஒட்டியிருந்தா அது வழக்கமான தேய்மானம். விரலைக் குத்துற மாதிரி துணுக்கு வந்தா கியர் பல்லு உடைஞ்சிருக்கு, அந்த மோட்டாரே வேண்டாம்.

நம்ம ஆளுங்க மோட்டார்ல சீல் போறதுக்கு முக்கியமான காரணம் நம்ம தூண்டில் நரம்புதான். அறுந்து மிதக்குற தங்கூசி ப்ரொப்பெல்லர்ல சுத்தி, பின்னாடி ஷாஃப்ட்ல ஏறி, சூட்டுல இறுகி சீலைக் கத்தி மாதிரி அறுத்துடும். வெளியில இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. ப்ரொப்பெல்லரைக் கழட்டணும், ஒரு காட்டர் பின், ஒரு நட்டு, அஞ்சு நிமிஷ வேலை. விக்கிறவர் கழட்ட விடலன்னா அதுவே ஒரு பதில்.

ஓட்டிப் பாக்குறப்ப பெரிய ட்ரம்ல தண்ணி நிரப்பி, ப்ரொப்பெல்லருக்கு மேல தட்டையா ஒரு தகடு இருக்கும் பாருங்க, அதுக்கு மேலயே தண்ணி நிக்கிற மாதிரி இறக்கி நியூட்ரல்ல ஓட்டுங்க. ட்ரம்மோ குழாய்த் தண்ணியோ இல்லாம "சும்மா ரெண்டு செகண்டு"ன்னு வெறும் மோட்டாரை ஓட்டிக் காட்ட வந்தா தடுத்துடுங்க, உள்ள தண்ணி பம்ப்புல இருக்குற ரப்பர் இம்பெல்லர் காஞ்ச மேனிக்குச் சுத்துனா கொஞ்ச நேரத்துலயே இதழ் கெட ஆரம்பிச்சுடும். ஸ்டார்ட் ஆன கொஞ்ச நேரத்துல பின்பக்கம் பைப்புல இருந்து தண்ணி பீச்சி அடிக்கணும். அடிக்கலன்னா உடனே ஆஃப் பண்ணிட்டு அந்த ஓட்டையில ஒரு கம்பியை விட்டுப் பாருங்க, ஷெட்ல கிடந்ததுல குளவி கூடு கட்டி அடைச்சிருக்கவும் வாய்ப்பு உண்டு. எப்படி இருந்தாலும் ரெண்டு வருஷம் கிடந்த இம்பெல்லரோட இதழ் ஒரே பக்கம் வளைஞ்சு அப்படியே படிஞ்சு போயிருக்கும், வாங்குனவுடனே புதுசு மாத்துறதா கணக்கு வச்சுக்குங்க.

கம்ப்ரெஷன் கேஜ், அதான் சிலிண்டருக்குள்ள அழுத்தம் எவ்வளவுன்னு காட்டுற மீட்டர், யார்கிட்டயாவது கடன் வாங்கிட்டுப் போங்க. ரெண்டு ப்ளக்கையும் கழட்டி, கில் ஸ்விட்ச் கயிறை எடுத்துட்டு, த்ராட்டிலை முழுசா திறந்து வச்சுக்கிட்டு, முள்ளு மேல ஏறாம நிக்கிற வரைக்கும் இழுக்கணும், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியா. எத்தனை வருதுங்கறதை விட ரெண்டும் சமமா இருக்கான்னுதான் பாக்கணும், வித்தியாசம் 10 சதவீதத்துக்குள்ள இருந்தா சந்தோஷமா வாங்கலாம்.

போட்டுக்கு ரெண்டே விஷயம். மோட்டார் மாட்டுற பின்பலகை, அதான் ட்ரான்சம், அலுமினிய போட்டா இருந்தாலும் அதுக்குள்ள பெரும்பாலும் ப்ளைவுட்தான் இருக்கும், அது ஊறி உளுத்துப் போயிருக்கலாம். மோட்டார் காலைப் பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டுங்க, பலகை கூடவே வளைஞ்சா வேண்டாம். சுத்தியல் கைப்பிடியால தட்டிப் பாத்தா நல்ல இடம் டொக்குனு கேக்கும், உளுத்த இடம் பொத்துன்னு கேக்கும். அப்புறம் ரிவெட். போட் ட்ரெய்லர்ல இருக்குறப்பவே உள்ள ஒரு நாலு விரக்கடை தண்ணி ஊத்திட்டு கீழ படுத்துப் பாருங்க, எந்த ரிவெட்ல சொட்டுதோ அதை மார்க்கர்ல வட்டம் போடுங்க. ரெண்டு மூணு ரிவெட் சொட்டுறதெல்லாம் சகஜம், மறுபடி இறுக்கி அடிச்சா நின்னுடும். நிறைய தண்ணி ஊத்திடாதீங்க, அந்த பாரத்தை ட்ரெய்லர் தாங்காது.


அலையோசை:

நான் சுத்தி வளைக்காம சொல்றேன், புது ஃபோர் ஸ்ட்ரோக் வாங்குங்க ப்ரோ. ஆயில் கலக்குற வேலை இல்ல, புகை இல்ல, பெட்ரோல் கம்மியா குடிக்கும், மெதுவா ஓட்டிக்கிட்டே தூண்டில் போடுறப்ப பக்கத்துல இருக்குறவன் பேசுறது காதுல கேக்கும். சில ஏரிகள்ல டூ ஸ்ட்ரோக்குக்கு அனுமதியே கிடையாது, அதையும் முதல்ல விசாரிங்க. வாங்குனா ஷாஃப்ட் நீளம் பாத்து வாங்குங்க, ட்ரான்சம் உயரம் 15 இஞ்ச்னா ஷார்ட், 20 இஞ்ச்னா லாங். தப்பா வாங்குனா ஒண்ணு காத்தைக் குடிச்சு வெறுமனே உறுமும், இல்லன்னா கால் ஆழமா இறங்கி கல்லுல இடிக்கும்.


பழைய துடுப்பு:

அலையோசை சொல்றதுல அனுமதி விஷயம் நூத்துக்கு நூறு சரி. ஆனா ஒண்ணு, அதே 15 ஹெச்.பி ஃபோர் ஸ்ட்ரோக் டூ ஸ்ட்ரோக்கை விட சுமார் 10 லிருந்து 15 கிலோ அதிகம் இருக்கும். தினமும் கழட்டி மாட்டி வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறவங்க இடுப்புக்கு அது தெரியும், 14 அடி போட்ல பின்பக்கம் உக்காந்து போறதும் தெரியும். அதோட ஃபோர் ஸ்ட்ரோக்கைக் கண்டபடி படுக்க வைக்க முடியாது, எந்தப் பக்கம் படுக்கணும்னு மோட்டார்லயே போட்டிருப்பான், மாத்திப் படுக்க வச்சா ஆயில் சிலிண்டருக்குள்ள இறங்கிடும். நல்ல நிலையில இருக்குற டூ ஸ்ட்ரோக் கிடைச்சா நான் விடமாட்டேன். முதல்ல போய்ப் பாத்துட்டு வரட்டும்.


ஏரிக்கரையான்:

அண்ணே, போயிட்டு வந்துட்டேன், ரெண்டு தடவை.

முதல் நாள் நீங்க சொன்ன மாதிரியே மூடியைத் திறந்து கை வச்சேன், வெதுவெதுப்பா இருந்துச்சு. எனக்கு மனசுக்குள்ள திக்குனு ஆயிடுச்சு. சண்டை எதுவும் போடல, மறுநாள் காலையில வர்றேன், அதுவரைக்கும் தொடாதீங்கன்னு மட்டும் சொன்னேன். மறுநாள் ஜில்லுனு இருந்த மோட்டாரை நானே இழுத்தேன், சோக் போட்டு எட்டாவது இழுப்புலதான் பிடிச்சுச்சு, அதுவும் இருமி இருமி, சோக்கைத் தள்ளுனா நின்னு போகுது. சோக்கைப் பாதி போட்டு வச்சாத்தான் ஓடுது. தண்ணி நல்லா பீச்சுது.

கம்ப்ரெஷன் மேல 112, கீழ 108. இது நல்லதுதானே?

ஆனா கியர் ஆயில்... நாலு சொட்டுக்குப் பதிலா முதல்ல அரை மூடி சுத்தத் தண்ணி வந்துச்சு, அப்புறம் சாம்பல் கலந்த வெள்ளையா ஆயில். காந்தத்துல துணுக்கு எதுவும் இல்ல, மை மாதிரி மட்டும்தான். ப்ரொப்பெல்லரைக் கழட்டச் சொன்னதுக்கு அவரே ஸ்பேனர் எடுத்துக் குடுத்தாரு. கழட்டுனா பின்னாடி ஷாஃப்ட்டைச் சுத்தி நூல்கண்டு மாதிரி பச்சைக் கலர் நரம்பு, இறுகி கண்ணாடி மாதிரி ஆயிருந்துச்சு, பிளேடால வெட்டி வெட்டி எடுக்க இருபது நிமிஷம் ஆச்சு. அடியில ரப்பர் சீலோட உதடு ஒரு பக்கம் பிஞ்சு தொங்குது. அவருக்கே தெரியாது போல, பாவம், அவர் முகமே மாறிடுச்சு. ட்ரான்சம் கெட்டியா இருக்கு, ரிவெட் நாலு சொட்டுது.

இப்ப வாங்கலாமா வேண்டாமா?


பழைய துடுப்பு:

112க்கும் 108க்கும் 4 சதவீதம்கூட வித்தியாசம் இல்ல தம்பி, என்ஜின் நெஞ்சு நல்லா இருக்கு. சோக் போட்டாத்தான் ஓடுதுன்னா பெட்ரோல் பத்தல, கார்புரேட்டர் ஜெட் அடைச்சிருக்கு, அது கழுவுனா சரியாயிடும். சீல் கிட் விலை பெருசு இல்ல, ஆனா தண்ணி எவ்வளவு நாளா உள்ள கிடந்துச்சுங்கறதுதான் கேள்வி, பேரிங் துருப்பிடிச்சிருக்கலாம். கியரை நியூட்ரல்ல வச்சு ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கையால மெதுவா சுத்திப் பாருங்க, வெண்ணெய் மாதிரி சுத்தணும். மணலை அரைக்குற மாதிரி கரகரன்னு கையில தட்டுப்பட்டா பேரிங்கும் சேர்த்து மாத்தணும், அந்தச் செலவை விலையில கழிச்சுக் கேளுங்க. சீல் மாத்துனதும் பழைய ஆயில் ஸ்க்ரூ வாஷரைத் திரும்பப் போடாதீங்க, புது வாஷர்தான். ஆயிலைக் கீழ் ஓட்டை வழியா ஏத்தணும், மேல் ஓட்டையில வழியற வரைக்கும். மேல இருந்து ஊத்துனா காத்து உள்ள மாட்டிக்கிட்டு பாதிதான் நிரம்பும்.

இனிமே வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவையாவது ப்ரொப்பெல்லரைக் கழட்டிப் பாத்துடுங்க.


மின்மினி:

பேட்டரி கேள்விக்கு யாரும் வரலைங்கறதால நான் சொல்றேன், இன்வெர்ட்டர், பேட்டரி வேலைதான் எனக்குப் பொழப்பு, வீட்டுக்காரர் தூண்டில்காரர், அதனால ரெண்டு பக்கமும் தெரியும்.

55 பவுண்டு மோட்டார் ஃபுல் ஸ்பீடுல 50 ஆம்பியர் கிட்ட இழுக்கும். 100 ஆம்பியர் ஹவர் லெட் ஆசிட் பேட்டரிய பாதிக்குக் கீழ இறக்கக்கூடாது, இறக்குனா ஆயுசு சுருங்கும், அப்ப கணக்குப்படி ஒரு மணி நேரம், ஆனா அவ்வளவு வேகமா உறிஞ்சுறப்ப லெட் ஆசிட் சொன்ன கொள்ளளவைத் தராது, நிஜத்துல அதுக்கும் கம்மிதான் ஓடும். அதே 100 லித்தியம் அயர்ன் பாஸ்பேட்னா கிட்டத்தட்ட முழுசையும் எடுக்கலாம், ரெண்டு மணி நேரத்தை நெருங்கும். எடையும் பாருங்க, லெட் ஆசிட் 25 லிருந்து 30 கிலோ, லித்தியம் 12 கிலோ சுமாருக்கு வரும், சின்ன போட்ல இது பெரிய விஷயம். ஆனா யாரும் முழு நேரமும் ஃபுல் ஸ்பீடுல போறதில்ல, ட்ரோலிங் மோட்டார் வாங்குறப்ப அஞ்சு ஸ்பீடு மாடலை விட்டுட்டு வேகத்தை ஒரே சீரா கூட்டிக் குறைக்கிற மாடலா பாத்து வாங்குனீங்கன்னா மெதுவா போறப்ப பேட்டரி ரொம்ப நேரம் நிக்கும். அஞ்சு ஸ்பீடுல மெதுவா போனாலும் கரன்ட்டுல ஒரு பங்கு சூடாவே வீணாப் போகும்.

வீட்டு இன்வெர்ட்டருக்கும் மாத்திக்கலாமான்னு கேட்டீங்க. வீட்டுல ஏற்கனவே உயரமான டியூபுலர் பேட்டரி இருந்தா அதை போட்ல ஏத்தவே ஏத்தாதீங்க, 150 ஆம்பியர் ஹவர்னா எடை 50 கிலோவைத் தாண்டும், போட் சாஞ்சா ஆசிட் வழியும். லித்தியம் வாங்கி ரெண்டுக்கும் போடணும்னா இன்வெர்ட்டர்ல லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்குன்னு தனி செட்டிங் இருக்கணும். லெட் ஆசிட்டுக்குன்னு செஞ்ச சார்ஜர் சிலது பேட்டரிய "சுத்தம் பண்ண" 15 வோல்ட்டுக்கு மேல ஏத்தும், லித்தியத்துக்கு 14.4 லிருந்து 14.6தான் எல்லை. அதுக்கும் மேல, அண்ணா, ஒவ்வொரு தடவையும் டெர்மினல் கழட்டி மாட்டுறது நல்லதில்ல, ஒரு நாள் ஸ்பேனர் ரெண்டு முனையையும் தொட்டுச்சுன்னா என்ன ஆகும்னு நான் கண்ணால பாத்திருக்கேன், ஸ்பேனரே உருகி ஒட்டிக்கிச்சு. ரெண்டு தனித்தனி பேட்டரியா வச்சுக்குங்க.

60 ஆம்பியர் பிரேக்கர் ஒண்ணு பேட்டரி பக்கத்துலயே கட்டாயம் போடுங்க, மோட்டார் பக்கத்துல இல்ல. ட்ரோலிங் மோட்டார்ல நரம்போ பாசியோ சுத்தி நின்னு போனா கரன்ட் எகிறும், பிரேக்கர் இல்லன்னா வயர்தான் எரியும். வயர் 16 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாம எடுங்க.

சீசன் முடிஞ்சா லெட் ஆசிட்ட ஃபுல் சார்ஜ்ல வைங்க, மாசம் ஒரு தடவை மல்டிமீட்டர் வச்சுப் பாருங்க, 12.7 இருந்தா ஃபுல்லு, 12.2க்கு வந்தா பாதி, உடனே சார்ஜ். காலியா போட்டு வச்சா தகட்டுல படிவம் படிஞ்சு செத்துடும். லித்தியம் அதுக்கு நேர் எதிர், பாதி சார்ஜ்ல வச்சுட்டு தொடாம விட்டாலே போதும்.


ஸ்பேனர் கை:

ஜெனரேட்டருக்கு வர்றேன், ஏன்னா உங்க ஜெனரேட்டருக்கும் அந்த போட் மோட்டாருக்கும் வியாதி ஒண்ணுதான். சின்ன என்ஜின் எல்லாம் ஓடித் தேயறதை விட சும்மா கிடந்துதான் கெட்டுப் போகுது. பெட்ரோல்ல எத்தனால் கலந்திருந்தா அது காத்துல இருக்குற ஈரத்தை இழுத்துக்கும், ஒரு அளவுக்கு மேல போனா எத்தனாலும் தண்ணியும் சேர்ந்து பிரிஞ்சு அடியில தங்கிடும், கார்புரேட்டர் அடிக்கிண்ணத்துல இருக்குறது ஆவியாகி மிச்சம் பிசினா படியும். ஜெட் ஓட்டை எவ்வளவு சின்னதுன்னு பாத்திருக்கீங்களா, ஊசி முனைகூட போகாது. அதுல காஞ்ச பிசின் ஒரு துளி போதும்.

முதல்ல ஜெனரேட்டர்ல ஆயில் லெவல் பாருங்க. நிறைய மாடல்ல ஆயில் கொஞ்சம் குறைஞ்சாலே ஸ்பார்க்கை நிறுத்திடுற சென்சார் இருக்கும், நீங்க நாள் முழுக்க இழுத்தாலும் வராது. ஆயில் சரின்னா பெட்ரோலை மோந்து பாருங்க, பெட்ரோல் வாசனை போய் பழைய வார்னிஷ் நாத்தம் அடிச்சா கொட்டிடுங்க. கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழட்டி, ஜெட்டை எடுத்து வெளிச்சத்துக்கு நேரா பிடிங்க, வட்டமா வெளிச்சம் தெரியணும். கார்ப் க்ளீனர் அடிச்சு, நைலான் நூல் விட்டு சுத்தம் பண்ணுங்க, இரும்புக் கம்பி விட்டா ஓட்டை பெருசாயிடும். உங்க போட் மோட்டாருக்கும் இதே வேலைதான், கூடவே பெட்ரோல் ஹோஸும் கைப்பம்ப்பும் விறைச்சுப் போயிருந்தா மாத்திடுங்க.

இனிமே வைக்கிறப்ப, ஒரு மாசத்துக்கு மேல தொடமாட்டோம்னா பெட்ரோல் குழாயை மூடி தானா நிக்கிற வரைக்கும் ஓட விடுங்க, அப்புறம் கிண்ணத்து அடியில இருக்குற ஸ்க்ரூவைத் திறந்து மிச்சத்தையும் வடிச்சுடுங்க. ஜெனரேட்டரை மாசம் ஒரு தடவை அரை மணி நேரம், சும்மா இல்ல, லோடு போட்டு ஓட்டுங்க. ஓட்டுறது எப்பவும் வெளியிலதான், ஜன்னல்ல இருந்து 6 மீட்டராவது தள்ளி. கதவைத் திறந்து வச்சு உள்ள ஓட்டலாம்னு யார் சொன்னாலும் கேக்காதீங்க, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்துலயே போயிடும் உயிர்.

அப்புறம் வீட்டுல ப்ரஷர் வாஷர் இருந்தா போட்டைக் கழுவ ஆசை வரும். உடம்புக்கு அடிங்க, ட்ரெய்லர் சக்கர பேரிங்குக்கும் மோட்டார் தலைக்கும் அடிக்காதீங்க, தண்ணி சீலைத் தாண்டி உள்ள போயிடும். ட்ரிகரை விட்டுட்டு மெஷினை ஓட விட்டுட்டுப் போகாதீங்க, ஒரே தண்ணி பம்ப்புக்குள்ள சுத்திச் சுத்தி கொதிச்சு சீல் போயிடும்.


அலையோசை:

ஸ்பேனர் கை, ஒரு சந்தேகம். டூ ஸ்ட்ரோக்கை அப்படித் தானா நிக்கிற வரைக்கும் ஓட்டுனா கடைசியில பெட்ரோலோட ஆயிலும் வராதே, பிஸ்டன் காஞ்சு போகாதா?


ஸ்பேனர் கை:

நல்ல கேள்வி. ஐடில்ல அந்தக் கொஞ்ச நேரத்துல ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றவங்களும் உண்டு, நான் டூ ஸ்ட்ரோக்குக்கு அப்படிப் பண்றதில்ல. ஹோஸைக் கழட்டிட்டு கிண்ணத்து ஸ்க்ரூ வழியா வடிச்சுடுவேன், நீண்ட நாள் வைக்கிறதா இருந்தா ப்ளக் ஓட்டையில ஃபாகிங் ஆயில், அதான் உள்ள துருப்பிடிக்காம காக்குற ஸ்ப்ரே ஆயில், அடிச்சு ரெண்டு தடவை மெதுவா இழுத்து வைப்பேன். மோட்டாரை நேரா நிக்க வைங்க, உள்ள இருக்குற தண்ணி வடியும். ஆயில் டி.சி.டபிள்யூ 3 போட்டதா வாங்குங்க, பைக் டூ ஸ்ட்ரோக் ஆயில் வேண்டாம், போட் என்ஜினுக்கு சாம்பல் விடாத ஆயில்தான் சரி. 50க்கு 1னு மோட்டார்ல போட்டிருந்தா 10 லிட்டருக்கு 200 மில்லி.


ஏரிக்கரையான்:

ஒரு வாரம் கழிச்சு எழுதுறேன். ஷாஃப்ட்டைச் சுத்திப் பாத்தேன், கரகரப்பு இல்ல, வழவழன்னு சுத்துச்சு. சீல், இம்பெல்லர், கார்ப் வேலை எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதி அவர் முன்னாடி வச்சேன், மறுபேச்சு இல்லாம விலையில குறைச்சாரு. வாங்கிட்டேன். ஏரி அனுமதியும் விசாரிச்சுட்டேன், டூ ஸ்ட்ரோக்குக்குத் தடை இல்ல.

ஜெனரேட்டர் ஜெட்டைக் கழட்டி வெளிச்சத்துல பிடிச்சேன், வெளிச்சமே வரல. கிண்ணத்துக்குள்ள பச்சையா ஒரு பாகு. சுத்தம் பண்ணி மாட்டுனேன், மூணாவது இழுப்புல எந்திரிச்சுச்சு, வீட்டுல எல்லாரும் வெளிய வந்து பாத்தாங்க. அதே கையோட போட் மோட்டார் கார்புரேட்டரையும் கழட்டுனேன், அங்கயும் அதே பாகு, ரெண்டு வருஷப் பழசுங்கறதால இன்னும் கெட்டியா. இப்ப சோக் இல்லாமலே ஓடுது.

மின்மினி அக்கா, லித்தியம் ஒண்ணு தனியா வாங்குறதுன்னு முடிவு பண்ணிட்டேன், இன்வெர்ட்டர் பேட்டரியத் தொடல. பிரேக்கர் வாங்கிட்டேன். சீல் கிட் நாளைக்கு வருது, பழைய துடுப்பு அண்ணே, சீலோட உதடு எந்தப் பக்கம் பாத்து இருக்கணும்?


பழைய துடுப்பு:

பழைய சீலை வெளிய எடுக்குறதுக்கு முன்னாடி ரெண்டு சீலையும் இருக்குற மேனிக்கு போட்டோ எடுத்துக்குங்க தம்பி. பெரும்பாலும் முதுகோட முதுகு ஒட்டுன மாதிரி ரெண்டு சீல் இருக்கும், உள் சீலோட உதடு ஆயில் பக்கம், வெளி சீலோட உதடு தண்ணி பக்கம். மாட்டுறதுக்கு முன்னாடி ஷாஃப்ட்ல பழைய சீல் உக்காந்த இடத்தை நகத்தால தடவுங்க, நகம் மாட்டுற அளவுக்குப் பள்ளம் இருந்தா புது சீல் போட்டாலும் ஒழுகும், அப்படி இருந்தா மாட்டாம எனக்கு எழுதுங்க. இல்லன்னா உதட்டுக்கு மெரைன் கிரீஸ் தடவி நேரா, சாயாம அடிச்சு உக்கார வைங்க.